ஏ-9 ரோட்டுக்கரைக் காணி: வலயம், பேர்மிட், பக்டரி பற்றிக் கடைக்கு வருபவர்கள் கேட்பவை

வன்னியில் ஒரு பிரதேச செயலகத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்பிக் கொடுப்பதும், பழைய உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, கிழியாமல் பிரதி எடுப்பதும் என் பிழைப்பு. யாழ்ப்பாணம்-கண்டி வீதியான ஏ-9 ஓரத்தில் இருக்கிற பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்த நாளிலிருந்து, ஒரு பிரதி எடுக்க வருகிறவர்கூட மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகிறது. அதனால் எழுதி வைத்தேன். நான் லோயர் இல்லை. வழக்குக்குப் போகிற அளவு விஷயம் என்றால் லோயரிடம் போங்கள்.

வலயம் வலயம் எண்டு சொல்லுகினமே, அது என்ன தம்பி? எங்கட காணியை எடுக்கப் போயினமோ?

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லே ஆகாது. உயர் பாதுகாப்பு வலயம் என்று காணி போனது. 2009இல் பாதுகாப்பு வலயம் என்று சொன்ன இடத்தில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வலயம் என்றதும் பெட்டி கட்டத் தோன்றுவதில் பிழையில்லை. ஆனால் இது வேறு.

இப்போது பேசப்படுவதில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. ஒன்று வலயமாக்கல். இந்தப் பகுதி குடியிருப்புக்கு, இது கடைகளுக்கு, இது தொழிற்சாலைக்கு, இதில் வயலைத் தவிர ஒன்றும் வேண்டாம் என்று வரைபடத்தில் பிரிப்பது. அதனால் காணியின் சொந்தக்காரர் மாறுவதில்லை. அதில் என்ன கட்டலாம் என்பதுதான் மாறுகிறது. மற்றது கைத்தொழில் வலயம் அல்லது முதலீட்டு வலயம். அது வேலி போட்டு, மின்சாரமும் தண்ணீரும் இழுத்து, கம்பனிகளுக்குத் துண்டு துண்டாகக் குத்தகைக்குக் கொடுக்கிற ஒரு வளவு. முதலாவது உங்கள் காணிக்கு மேலே வரலாம். இரண்டாவதுக்கு அரசிடம் காணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவீகரிக்க வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இதை ஆர் தீர்மானிக்கிறது? கச்சேரியோ, பிரதேச சபையோ, கொழும்போ?

எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஓர் இடத்தை நகர அபிவிருத்திப் பகுதி என்று அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனம் செய்யலாம். செய்தால், அந்த இடத்துக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை (யு.டி.ஏ. என்கிறோமே, அதுதான்) அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும். வலய வரைபடம் அதற்குள்தான் வரும். திட்டம் வந்த பிறகும் உங்கள் கட்டட விண்ணப்பம் பெரும்பாலும் பிரதேச சபையின் திட்டமிடல் குழுவுக்குத்தான் போகும். பிரகடனம் செய்யப்படாத இடத்தில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தையும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தையும் வைத்துக்கொண்டு சபையே அனுமதி கொடுக்கும்.

ஆனால் காணி அரச காணி என்றால் பிரதேச செயலாளரும் காணி ஆணையாளரும் உள்ளே வருகிறார்கள். வன்னியில் பெரும்பாலான காணி அதுதான். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எங்கட ஊர் யு.டி.ஏ. ஏரியாவுக்குள்ளயோ?" என்பது. பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், அவர் கதிரையில் இருந்தால்.

வட்ஸ்அப்பில வந்த மெப்பில எங்கட காணி ஊதாக் கலர். நம்பலாமோ?

வர்த்தமானி இலக்கமும் திகதியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது ஒரு நகல் வரைபாக இருக்கலாம், ஒரு மாணவரின் ஆய்வு வேலையாகவும் இருக்கலாம், புரோக்கர் ஒருவர் கலர் அடித்ததாகவும் இருக்கலாம். அதே வரைபடத்தை மூன்று பேர் மூன்று ஊரின் பெயர் சொல்லி என்னிடம் பிரதி எடுத்தார்கள்.

சரியாகத் தெரிய வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் கொடுங்கள். "இந்தக் கிராம சேவையாளர் பிரிவில், இந்த நில அளவைப் படத்தின் இந்தத் துண்டு எந்த வலயத்தில் வருகிறது? வர்த்தமானிப் பிரதி தரவும்" என்று எழுதினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கடிதம் கையளித்ததற்கான ஒப்பத்தை வாங்கி வையுங்கள்.

2025இல வந்த காணி வர்த்தமானிதானே இது? அதை வாபஸ் வாங்கிட்டினம் எல்லோ?

இல்லை, அது வேறு. 2025 மார்ச் 28 வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. வடக்கில் ஏறக்குறைய ஆறாயிரம் ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் அரச காணியாகிவிடும் என்பதுதான் அதன் சாரம். எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் வரை போய், அரசு அதை மீளப் பெற்றது. அது காணி யாருடையது என்பது பற்றியது. வலயமாக்கல், காணியில் என்ன செய்யலாம் என்பது பற்றியது. ஒன்று நின்றுவிட்டதால் மற்றதும் நின்றுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கட காணி பேர்மிட் காணி. வலயம் மாறினா விக்கலாமோ?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடமும் இதுதான்.

கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டக் காணிகள் தொடங்கி, காணிக் கச்சேரி (ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்துக் காணி பங்கிடுகிற கூட்டம்) வைத்துக் கொடுத்த மேட்டுக்காணி வரை பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. பேர்மிட் என்பது அந்தக் காணியைச் செய்கை பண்ண, குடியிருக்கத் தந்த அனுமதி. அதை விற்க முடியாது. ரோட்டுக்கரை என்றாலும், வலயம் கைத்தொழிலானாலும், வாங்குகிறவர் சொந்த மச்சானானாலும் முடியாது. பேர்மிட்டுக்கு அடுத்த படி அளிப்புப் பத்திரம், கிறான்ட் என்கிறோமே, அது. அதையும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்த உறுதி சட்டப்படி செல்லாது. அனுமதியைப் பிறகு எடுக்கலாம் என்று உறுதி எழுதுகிற எந்த நொத்தாரிசாவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

பேர்மிட்டில் "எந்த நோக்கத்துக்கு" என்று ஒரு வரி இருக்கும். குடியிருப்புக்கென்று தந்த காணியில் வாகனத் திருத்தகம் போட வேண்டுமானால், வலயம் அனுமதித்தாலும் காணிப் பக்கத்தில் தனியாக அனுமதி வேண்டும். சில இடங்களில் அரச காணிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 30 வருடக் குத்தகையாக மாற்றச் சொல்வார்கள். அதற்கு வருடாவருடம் வாடகை கட்ட வேண்டும். ஆக இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு. வலயம் ஒன்றைத்தான் திறக்கும்.

உறுதிக் காணி எண்டா பிரச்சினை இல்லைத்தானே?

குறைவு. ஆனால் வன்னி உறுதிகளில் பாதி "பிரிக்கப்படாத பங்கு". பாட்டனார் பெயரில் ஒரு தோட்டம், பேரப்பிள்ளைகள் ஐந்து நாட்டில். தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், பொருந்துகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. பங்காளிக்கு முற்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாளுக்கு முன்னர் தான் வாங்குகிற உரிமை, உண்டு. மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவரின் சம்மதம் வேண்டும். பெரிய கம்பனி வாங்க வந்தால் அவர்களின் லோயர் முதலில் தோண்டுவது இதைத்தான்.

இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் தேடி அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். பேர்மிட் தொலைந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேடு இருக்கிறது. வாங்குகிறவர் வாசலில் நிற்கும்போது தேடத் தொடங்கினால் காரியம் ஆகாது.

77இல மலைநாட்டில இருந்து வந்தனாங்கள். பேர்மிட்டும் இல்லை, உறுதியும் இல்லை. எழுப்பிப் போடுவினமோ?

இந்தக் கேள்வியைத்தான் மெதுவான குரலில் கேட்கிறார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வந்து காடு வெட்டிக் குடியேறி, கிணறு வெட்டி, மா, பலா வைத்து, மூன்று தலைமுறை ஆகியும் ஒரு கடதாசி இல்லாத குடும்பங்கள் ஏ-9 ஓரத்தில் நிறைய. தனியார் காணியில் பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கேட்கலாம். அரச காணியில் அது செல்லாது, ஐம்பது வருடம் இருந்தாலும் செல்லாது. வலய வரைபடம் வரைகிறபோதும், கடதாசி இல்லாத வீடு வெறும் காணியாகத் தெரிகிற ஆபத்து இருக்கிறது.

ஆகவே வலயத்தைப் பற்றி யோசிக்க முன் பேர்மிட்டுக்கு எழுதுங்கள். வடக்கு, கிழக்கில் போருக்குப் பிந்திய காணிப் பிரச்சினைகளுக்கென்றே 2013/01 இலக்கக் காணிச் சுற்றறிக்கை வந்தது. அப்போது படிவம் கொடுத்தவர்கள் அந்தப் பிரதியைத் தேடி எடுங்கள். வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதி, கிராம சேவையாளரின் பதிவு, வீட்டுத்திட்டக் கடிதம் என்று எது எது அந்த முகவரியில் இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். பிரதிக் காசு பிறகு தரலாம்.

ரோட்டில இருந்து எத்தினை அடி விடோணும்?

மதிலில் இருந்து அளக்காதீர்கள், தார் ஓரத்தில் இருந்தும் அளக்காதீர்கள். வீதியின் நடுக்கோட்டில் இருந்துதான் கணக்கு. வீதிக்கென்று ஒதுக்கிய இடம் முடிகிற தெருக்கோடு ஒன்று, அதைத் தாண்டி வீதிப் பக்கம் கட்டக் கூடாது என்கிற கட்டட எல்லை ஒன்று என்று இரண்டு உண்டு. ஏ-9 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது என்பதால் அவர்களிடம் போய் உங்கள் துண்டுக்கான சான்றிதழை எழுத்தில் எடுக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் விட்ட அளவைப் பார்த்து அத்திவாரம் வெட்டியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் அனுமதியே எடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ரயில் பாதைப் பக்கம் காணி உள்ளவர்களுக்குப் புகையிரதத் திணைக்களத்தின் ஒதுக்கமும் உண்டு. குளத்தின் அலைகரை, வாய்க்கால் ஓரம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநலத் திணைக்களமோ கேட்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் விற்கிற கொட்டில்களைக் காட்டி "அவைக்கு மட்டும் எப்பிடி?" என்று கேட்காதீர்கள். பிள்ளையாரிடம்தான் கேட்க வேண்டும்.

ரோட்டுக்கரை வயல், விளைச்சலும் பெரிசா இல்லை. மண் போட்டு ஸ்டோர் கட்டலாமோ?

கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வலய வரைபடத்தில் அந்த இடம் வர்த்தகம் என்று இருந்தாலும் இந்த அனுமதி தேவை. விண்ணப்பம் கமநல சேவை நிலையத்தில் தொடங்கும்.

இதில் என் அபிப்பிராயம்: கூடுமானவரை வேண்டாம். ஏ-9இன் பல இடங்களில் வீதி மேடு, வயல் பள்ளம், அதற்கு அங்கால் குளம். மாரியில் மழை கொட்டுகிற அந்த இரண்டு கிழமையில் தண்ணீர் போகிற வழி உங்கள் வயல்தான். அதை நிரப்பினால் தண்ணீர் பின்வீட்டுக்குப் போகும். பிறகு பின்வீட்டுக்காரர் முறைப்பாட்டுக் கடிதம் எழுத என் கடைக்கு வருவார்.

ஆறு பரப்பு இருக்கு. துண்டு துண்டாப் பிரிச்சு வீட்டுக் காணியா விக்கலாமோ?

உறுதிக் காணி என்றால், வதிவிட வலயம் என்றால், பிரதேச சபை அங்கீகரித்த பிரிப்புப் படம் இருந்தால், ஆம். யு.டி.ஏ. பகுதியில் பொதுவாக ஆறு பேர்ச், அதாவது 150 சதுர மீற்றருக்குக் குறைந்த துண்டு அனுமதிக்க மாட்டார்கள். நம் கணக்கில் பரப்பு ஒன்று பத்துப் பேர்ச். ஆகவே அரைப் பரப்புத் துண்டு போதாது. உள்ளே போகிற பாதைக்கும் இடம் விட வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தால் ஆறு பரப்பில் நீங்கள் நினைக்கிற எண்ணிக்கை வராது. ஒரு ஹெக்டயருக்கு மேல் பிரிப்பவர்கள் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும். அந்தப் பத்து வீதத்தைச் சதுப்பிலும் மின் கம்பிக்குக் கீழேயும் காட்டுவது காணி விற்பவர்களின் பழைய வித்தை. வாங்குகிறவர்கள் நேரில் போய்ப் பாருங்கள்.

பேர்மிட், கிறான்ட் காணி என்றால் மேலே சொன்னதுதான். துண்டாடுவதற்குப் பத்திரத்திலேயே குறைந்தபட்ச அளவு எழுதியிருக்கும்.

எங்கட வீடு கைத்தொழில் வலயத்துக்குள்ள வருதாம். இடிக்கச் சொல்லுவினமோ?

அனுமதியோடு ஏற்கெனவே இருக்கிற வீட்டை வலயம் வந்ததற்காக இடிக்கச் சொல்ல மாட்டார்கள். இருக்கிறபடி இருக்கலாம். சிக்கல் எங்கே என்றால், மேலே ஒரு தட்டுப் போட, மகளுக்கு இரண்டு அறை கூட்ட, வங்கிக் கடனுக்குப் படம் அங்கீகரிக்கப் போகும்போது "இது வதிவிடம் இல்லை" என்று திருப்பலாம். ஆகவே திட்டம் நகலாக இருக்கும்போதே ஆட்சேபம் எழுதுங்கள். பத்திரிகை அறிவித்தலில் கடைசித் திகதி இருக்கும். தனியாக எழுதாமல் ஒழுங்கையில் உள்ள எல்லோரும், ஒவ்வொருவரும் தன் தன் துண்டு இலக்கத்தோடு எழுதுங்கள். "எமது கிராமம் பாதிக்கப்படும்" என்ற பொதுக் கடிதத்தைவிட, "இந்தத் துண்டில் 1985 முதல் வீடு உள்ளது, பிரதிகள் இணைப்பு" என்ற கடிதத்துக்குப் பதில் எழுதியே ஆக வேண்டியிருக்கும்.

பக்கத்தில அரிசி மில் வருகுதாம். நாங்கள் ஒண்டும் செய்யேலாதோ?

செய்யலாம். நெல் அவிக்கிற மில் என்றால் ஊறவைத்த தண்ணீர், உமி, கரி மூன்றும் வரும். ஊறல் தண்ணீரின் மணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மில் நடத்தச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். அது குறிப்பிட்ட காலத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். முறைப்பாடு கொடுக்க நல்ல நேரம் தொடங்குவதற்கு முன்னரும், புதுப்பிக்க முன்னரும். பெரிய அளவில் வந்தால், அதாவது பத்து ஹெக்டயருக்கு மேற்பட்ட கைத்தொழில் பேட்டை என்றால், சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்து 30 நாட்களுக்குள் கருத்து எழுதலாம்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். மில்லோ பக்டரியோ வருவதற்கு முன்னர் உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையை வைத்திருங்கள். சுன்னாகத்தில் மின் நிலையத்துக்கு அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த விஷயம் உயர் நீதிமன்றம் போய், 2019இல் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டளையானது. அந்த வழக்கில் பெரிய சண்டையே, அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான். "முன்னம் நல்லாத்தான் இருந்தது" என்று வாயால் சொன்னால் நிற்காது.

வன இலாகா எங்கட காணிக்குள்ள கல் போட்டிருக்கு. வலயம் வந்தா கல் போகுமோ?

போகாது. அது வேறு திணைக்களம், வேறு சட்டம். 2001இல் வந்த ஒரு சுற்றறிக்கையோடு பிரதேச செயலாளர்களின் கையில் இருந்த எஞ்சிய காடுகள் வனவளத் திணைக்களத்துக்குப் போயின. நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காணிக்குள் மரம் வளர்ந்தது. ஆள் இல்லாத காணியில் மரம் முளைக்காமல் என்ன செய்யும்? திரும்பி வந்தபோது கல் நின்றது. பழைய பேர்மிட், பழைய நில அளவைப் படம், இடிந்த கிணற்றுக்கட்டு, தென்னை வரிசை எல்லாவற்றையும் படம் எடுத்துப் பிரதேச செயலாளர் ஊடாக எல்லையைத் திருத்தக் கேளுங்கள். கல்லை நீங்களே பிடுங்காதீர்கள். காணி வழக்கு அன்றே குற்ற வழக்காகிவிடும்.

சரி, உண்மையாவே சுவீகரிக்க வந்தா?

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி கொள்ளற் சட்டம். கையில் வருகிற கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 2ஆம் பிரிவு என்றால் பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான். 4 என்றால் ஆட்சேபிக்கும் நேரம், இதை விடவே கூடாது. 5 என்றால் எடுப்பதென்று முடிவு. 7 என்றால் உங்கள் உரித்தையும் கேட்கிற தொகையையும் எழுத வேண்டும். 9 விசாரணை. 17 தீர்ப்புத் தொகை. அது குறைவென்று பட்டால் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு. அவசரம் என்று 38(அ) போட்டால் உடைமையை முன்கூட்டியே எடுக்கலாம். இழப்பீடு பின்னால் நடந்து வரும்.

பேர்மிட் காணி ஏற்கெனவே அரசுடையது என்பதால் இந்தப் படிகள் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. மாற்றுக் காணி, வீடு, கிணறு, பயன்தரு மரங்களுக்கான பெறுமதி என்று பேச வேண்டிவரும். மரங்களை இப்போதே எண்ணிக் கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்தி வையுங்கள்.

கனடாவில இருக்கிற அண்ணை காசு தாறார். அவற்ற பேரிலயே வாங்கலாமோ?

அண்ணை இலங்கைக் குடியுரிமையை வைத்திருக்கிறாரா, இரட்டைக் குடியுரிமை எடுத்தாரா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றென்றால் உறுதிக் காணி வாங்கலாம். கனேடியக் குடியுரிமை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அப்போது "தம்பி பேரில எழுதுவம், பிறகு பாப்பம்" என்பார்கள். அந்தப் "பிறகு" வரும்போது தம்பிக்கு மனைவி இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், வங்கிக் கடன் இருக்கும்.

புரோக்கர் நல்ல விலை சொல்லுறார். "வலயம் வந்தா அரசாங்கம் எடுத்திடும், இப்ப குடுத்திடுங்கோ" எண்டுறார். முற்பணம் வாங்கலாமோ?

அதே ஆள் வாங்குகிறவரிடம் "வலயம் வந்தால் விலை பத்து மடங்கு" என்று சொல்கிறார். இரண்டு பேருமே என் கடையில்தான் பிரதி எடுக்கிறார்கள், ஆகவே எனக்குத் தெரியும். வெற்றுக் கடதாசியில் ஒப்பம் வேண்டாம். உங்களுக்காக வேறு ஒருவர் ஒப்பம் வைக்க அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். முதலில் மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன தகவல் கடிதத்தைக் கொடுங்கள். பதில் வருமட்டும் புரோக்கர் பொறுக்க மாட்டேன் என்றால் அவருடைய அவசரம் யாருக்காக என்று யோசியுங்கள்.

எல்லாருக்கும் சொல்லுறீங்கள் அண்ணை, உங்கட காணிக்கு என்ன செய்தனீங்கள்?

நியாயமான கேள்வி. எங்கள் காணி ரோட்டில் இருந்து இரண்டாவது ஒழுங்கையில், அப்பாவின் பேர்மிட். அப்பாவுக்கு 81 வயது. பேர்மிட் காணியில் பின்னுரித்தாளர் என்று ஒருவரை நியமித்துப் பதிய வேண்டும். அந்த இடத்தில் பெரியண்ணாவின் பெயர் இருக்கிறது. 2009இற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பெயரை மாற்றாவிட்டால் பிறகு சிக்கல் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்குத் தெரியாதா? மாற்றுகிற படிவத்தை நானே நிரப்பிக் கடை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் ஒப்பம் வைக்கவில்லை.